லீ அம்மையாரின் விண்ணப்பம்

மைசூர் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழப் பத்து மைல் சென்றால், காவிரி இரு கிளையாகப் பிரிந்து அணைத்துக்கொண்டிருக்கும் சீரங்கப்பட்டணத் தீவை அடையலாம். அங்கே செல்வோர் அரங்கநாதர் கோயிலைத் தொழுது, திப்பு சுல்தான் வீழ்ந்த இடத்தையும் தரியா தௌலத் மாளிகையையும் கண்டு திரும்புவது வழக்கம். அந்தக் கோட்டைக்குள் ஒரு கைம்பெண் முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த கதையை நினைந்து பார்ப்பவர் சிலரே.

அவர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் தேவியாகிய மகாராணி லட்சுமி அம்மணி. 1761-ஆம் ஆண்டிலேயே ஆட்சிப் பொறுப்பு முழுவதும் ஹைதர் அலியின் கைக்குப் போய்விட்டது. 1766-ல் அரசர் மறைந்தார். அதன் பின்னர் அரண்மனையில் அரசர் என்ற பெயருக்குச் சிலர் இருந்தார்களே அல்லாமல் அரசு என்பது இல்லை. காவலுக்குள் இருந்த அம்மையார் ஆங்கிலேயருக்கு மறைவாகத் தூது அனுப்பினார். 1782 அக்டோபர் 28-ஆம் நாள் தஞ்சையில் ஓர் உடன்படிக்கை எழுதப்பெற்றது. அங்கே கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன் ஒருபுறமும், அம்மையாரின் தூதராகிய திருமலை ராவ் மறுபுறமும் அதற்குப் பொறுப்பேற்றனர். கம்பெனியின் படை மைசூர் நாட்டில் முன்னேற முன்னேற இத்தனை லட்சம் வராகன் தருவதாக அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் ஒருவர், தம் கையில் இல்லாத பணத்தை, தம் கைக்கு வராத நாட்டின் பேரில் வாக்களித்த பத்திரம் அது. 1784-ல் மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்டதும் கம்பெனியார் பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். பத்திரம் பத்திரமாகவே கிடந்தது.

1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் விழுந்தது. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், ஐந்து வயதும் நிரம்பாத குழந்தையான மூன்றாம் கிருஷ்ணராஜர் மைசூரில் பந்தலிட்டு முடிசூட்டப்பெற்றார். பழைய கோட்டையும் அரண்மனையும் அப்போது இடிந்து கிடந்தமையால் பந்தல் வேண்டியதாயிற்று. லட்சுமி அம்மணியின் விண்ணப்பம் பலித்தது. திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். தூது சென்ற திருமலை ராவின் இனத்தாராகிய மண்டயம் ஐயங்கார்கள் இன்றும் நரக சதுர்த்தசியன்று தீபாவளி கொண்டாடுவதில்லை. திப்புவின் ஆட்சியில் தம் முன்னோர் அந்த நாளில் கொல்லப்பட்டனர் என்பது அக்குடும்பங்களில் வழிவழியாக வரும் செய்தி.

இந்த வரலாற்றை இங்கே முழுவதும் சொல்ல வரவில்லை. இது மனத்தில் ஒரு வினாவை எழுப்புகிறது. அந்த வினாவுக்காகவே இதைச் சொன்னேன். போரிலே எல்லாம் இழந்த கைம்பெண் ஒருத்தி, வென்றவர் முன் நின்று, ‘என்னுடையதை எனக்குத் திருப்பித் தாருங்கள்’ என்று கேட்கிறாள். கேட்பவளின் துயரம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவள் கேட்டதைக் கொடுத்தால் அது வேறு யார் கையிலிருந்து எடுக்கப்படும் என்பது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. சீரங்கப்பட்டணத்தில் அரைகுறையாகத் தெரியும் இந்த வினா மிகத் தெளிவாகத் தெரியும் ஓர் இடம் உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாட்டில், தலைநகர் வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், பொட்டோமாக் நதியின் மேட்டில் இருக்கிறது. ஆர்லிங்டன் என்பது அதன் பெயர். இன்று அந்நாட்டுப் போர்வீரர்களின் புகழ்பெற்ற இடுகாடாக உலகறிந்த அந்த இடம் ஒரு காலத்தில் ஓர் அம்மையாரின் பிறந்தகம்.

அந்த அம்மையாரின் பெயர் மேரி கஸ்டிஸ் லீ. அவருடைய தந்தை ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் என்பவர், அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் மனைவிக்குப் பேரர். வாஷிங்டன் வீட்டிலேயே வளர்ந்தவர். ஆயிரத்து நூறு ஏக்கர் நிலத்தின் நடுவே, பெரிய தூண்கள் தாங்கிய மாளிகை ஒன்றை 1802 முதல் 1818 வரை சிறிது சிறிதாகக் கட்டினார். கட்டியவர் என்று அவரைச் சொல்கிறோம். செங்கல் அறுத்ததும் மரம் இழைத்ததும் அடிமைகள். 1831-ல் மேரி அந்த மாளிகையின் கூடத்திலேயே ராபர்ட் லீ என்னும் இளம் படை அதிகாரியை மணந்தார்.

1857-ல் கஸ்டிஸ் இறந்தார். அவருடைய மூன்று பண்ணைகளிலுமாக ஏறத்தாழ இருநூறு அடிமைகள் இருந்தனர். அவர் எழுதிவைத்த மரண சாசனத்தின்படி ஆர்லிங்டன் மகளின் ஆயுள் வரை மகளுக்கு. அதன்பின் மூத்த பேரனுக்கு. அடிமைகளோ ஐந்தாண்டுகளுக்குள் விடுதலை செய்யப்பட வேண்டும். அதே சாசனத்தில் பேத்திகளுக்குப் பெருந்தொகையும் விட்டிருந்தார். தொகை கையில் இல்லை. ஆகவே கடன் அடையும் வரை அடிமைகளை வேலை வாங்கியே தீர வேண்டும் என்று, சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்புடைய மருமகன் லீ முடிவு செய்தார். எசமானன் கண்மூடியதும் தமக்கு விடுதலை என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1859-ல் வெஸ்லி நாரிஸ் என்பவனும் அவன் தங்கையும் உறவினன் ஒருவனும் ஓடிப்போய், மேரிலாந்தில் பிடிபட்டு மீண்டனர். தன்னை லீயின் கட்டளைப்படி ஐம்பது கசையடி அடித்ததாகப் போருக்குப் பின் 1866-ல் வெஸ்லி வாக்குமூலம் வெளியிட்டான்.

லீ அம்மையார் கொடுமைக்காரி என்று எண்ணிவிட வேண்டா. அவரும் அவருடைய தாயாரும் அடிமைக் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பித்தனர். விடுதலை பெற்றவர்களை ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பிக் குடியேற்றும் சங்கத்துக்குப் பொருள் உதவினர். ஆர்லிங்டனிலிருந்து வில்லியம் பர்க் என்பவரின் குடும்பம் அவ்வாறே 1853-ல் கப்பலேறியது. ஆயினும் தம் வீட்டாள்கள் விடுதலையை உரிமையாகக் கேட்டபோது, அதை நன்றி மறந்த செயலாகவே அம்மையார் கருதினார். தாமாகக் கொடுக்கும்போது இனிக்கும் தருமம், பிறர் கேட்கும்போது கசந்துவிடுகிறது. நம் ஊர்ப் பண்ணை வீடுகளை அறிந்தவர்க்கு இந்த மனப்போக்கு புதிதன்று.

1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. லீ ஐக்கிய நாட்டுப் படையிலிருந்து விலகி, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்னாட்டுப் படையில் சேர்ந்தார். அம்மையார் மே மாதத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். புறப்படும்போது வீட்டுச் சாவிக் கொத்தை செலினா கிரே என்னும் அடிமைப் பெண்ணிடம் ஒப்படைத்தார். மே 24-ஆம் நாள் வடநாட்டுப் படை ஆற்றைக் கடந்து மேட்டைப் பிடித்துக்கொண்டது. வாஷிங்டன் பயன்படுத்திய பொருள்கள் பல அந்த வீட்டில் இருந்தன. சிப்பாய்கள் அவற்றைக் களவாடுவதைக் கண்ட செலினா, படைத்தலைவர் மக்டொவலிடமே சென்று முறையிட்டாள். எஞ்சியவை அதனால் தப்பித் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தன. எசமானியின் பொருளை எசமானியின் பகைவரிடம் கொண்டுபோய்க் காப்பாற்றிய இந்தப் பெண் அப்போது யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், சட்டப்படி விடை சொல்வது கடினம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். போர்க்காலத்தில் ஐக்கிய நாட்டுக் காங்கிரஸ் மன்றம் 1861-லும் 1862-லும் இரு பறிமுதல் சட்டங்களை இயற்றியது. ஆர்லிங்டனைப் பிடித்தது அவற்றில் ஒன்றன்று. 1862 ஜூன் மாதத்தில் பிறந்த ஒரு வரிச் சட்டம் அது. கலகம் செய்யும் பகுதிகளில் உள்ள நிலத்துக்கு நேர்வரி விதிக்கப்பட்டது; கட்டாவிட்டால் நிலம் ஏலத்துக்கு வரும். ஆர்லிங்டனுக்கு விழுந்த வரி 92 டாலர் 7 செண்டு. அம்மையார் கைகால் முடக்குவாதத்தால் சக்கர நாற்காலியில் இருந்தார். அதுவும் பகைவர் எல்லைக்கு அப்பால். தம் உறவினர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார். சொந்தக்காரர் நேரில் வந்து கட்டினால்தான் வாங்குவோம் என்று வரி அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டனர். 1864 ஜனவரி 11-ஆம் நாள் ஏலம். 34,100 டாலர் என்று மதிப்பிடப்பட்ட சொத்தை 26,800 டாலருக்குச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. ஏலத்தில் நிறுத்தியவரும் எடுத்தவரும் ஒருவரே!

அதே ஆண்டு மே 13-ஆம் நாள் வில்லியம் கிறிஸ்ட்மன் என்னும் பென்சில்வேனியாச் சிப்பாயின் உடல் அங்கே புதைக்கப்பட்டது. அதுவே முதல் புதைகுழி. படைத்துறையில் சரக்குத் தளவாடப் பொறுப்பில் இருந்த ஜெனரல் மெய்க்ஸ், லீயை மன்னிக்க ஒருபோதும் மனம் கொள்ளாதவர். ஜூன் 15-ஆம் நாள் அந்த இடத்தைப் படைவீரர் இடுகாடாக்கும்படி அவர் எழுதினார். போர் அமைச்சர் ஸ்டாண்டன் அன்றே கையெழுத்திட்டார். அம்மையாரின் ரோஜாத் தோட்டத்து ஓரத்திலேயே, வீட்டுக்கு அருகாகவே, குழிகள் வெட்டப்பட்டன. இனி யாரும் திரும்பி வந்து அங்கே குடியிருக்கக் கூடாது என்பதே மெய்க்ஸின் கருத்து. 1866-ல் அந்தத் தோட்டத்திலேயே பெயர் தெரியாத 2,111 வீரர்களின் எலும்புகளை ஒரே அறையில் இட்டு மூடினார்கள்.

மேட்டின் மற்றொரு பக்கத்தில் வேறொன்று நடந்தது. 1863-ஆம் ஆண்டு, தென்னாட்டிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்காக அந்த நிலத்திலேயே ஓர் ஊர் அமைக்கப்பட்டது. விடுதலை பெற்றோர் ஊர் என்று அதற்குப் பெயர். வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, கோயில் எல்லாம் எழுந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்ந்தனர், நிலத்தை உழுதனர், வாடகையும் கட்டினர். ஆர்லிங்டன் அடிமைகள் அதற்குள் சட்டப்படியும் விடுதலை ஆகிவிட்டனர்; கஸ்டிஸ் குறித்த ஐந்தாண்டுக் கெடு முடிந்ததும், 1862 டிசம்பர் 29-ஆம் நாள் லீ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மூன்று நாள் கழித்து லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது.

போர் முடிந்தது. 1865 மே 29-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பொது மன்னிப்பை அறிவித்தார். அடிமைகள் என்ற சொத்து நீங்கலாக ஏனைய சொத்துரிமைகள் திரும்பக் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஆனால் பதினான்கு வகையினர் அதற்கு விலக்கு. அவர்கள் தனித்தனியே தலைவருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவ்வகைகளுள் ஒன்று, இருபதினாயிரம் டாலருக்கு மேல் வரிக்குரிய சொத்து உடையவர்கள். இந்த ஒரு விதியினால்தான் படைக்கலம் தொட்டறியாத செல்வக் கைம்பெண்கள் பலர் வாஷிங்டனை நோக்கிக் கடிதம் எழுத நேர்ந்தது. ஆண்களும் பெண்களுமாகப் பதினையாயிரம் பேர் அளவில் விண்ணப்பித்தனர் என்பர். பணம் வாங்கிக்கொண்டு மன்னிப்புப் பெற்றுத் தரும் தரகர்கள் ஆணும் பெண்ணுமாகத் தலைநகரில் பெருகினர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இவ்விடத்தில் ஒரு தயக்கம் நேர்கிறது. குற்றம் செய்தவனுக்கு அளிப்பது மன்னிப்பு. அல்லல் உற்றவனுக்கு அளிப்பது நிவாரணம். உரியவனுக்கு அளிப்பது நீதி. அந்தக் கைம்பெண்களின் கடிதங்கள் கேட்டது இம்மூன்றில் எது? ‘குற்றம் எதுவும் அறியேன், ஆயினும் மன்னியுங்கள்’ என்பதே அக்கடிதங்களின் பொதுவான போக்கு. மன்னிப்பின் பெயரால் அவர்கள் கேட்டது நிலம்.

நிலம் திரும்பினால் என்ன ஆகும் என்பதை அதே ஆண்டில் தென் கரோலினாக் கடற்கரைத் தீவுகளில் காண முடிந்தது. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் விடுத்த கட்டளையின்படி, விட்டோடிய எசமானர்களின் நிலத்தைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை அடிமையாயிருந்தோருக்குப் பங்கிட்டிருந்தார்கள். எசமானர்கள் மன்னிப்புப் பெற்றதும் நிலத்தை அவர்களுக்கே திருப்பித் தரவேண்டும் என்று ஜான்சன் கட்டளையிட்டார். அக்டோபரில் எடிஸ்டோ தீவில், ஒரு கோயிலில் கூடியிருந்த மக்களிடம் இந்தச் செய்தியைச் சொல்ல ஜெனரல் ஹவர்ட் நேரில் போனார். போரிலே வலக்கையை இழந்தவர் அவர். விதைத்தவர்கள் எசமானனிடம் மீண்டும் கூலி பேச வேண்டியதாயிற்று. ஒருவர் பெற்ற கருணை மற்றவர்க்கு வெளியேற்ற அறிவிப்பாக வந்து சேர்ந்தது.

ஆர்லிங்டன் நிலைமை வேறு. அது வரி ஏலத்தில் சர்க்காருக்குப் போய்விட்ட சொத்து. பொது மன்னிப்பு அதைத் தொடவில்லை. லீ 1865 ஜூனிலேயே விண்ணப்பித்தார். அக்டோபரில் விசுவாசப் பிரமாணமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் எங்கோ ஒரு கோப்பில் கிடந்து 1970-ல்தான் ஆவணக் களரியில் கண்டெடுக்கப்பட்டது. காகிதம் கிடப்பில் போகும் கலையில் எந்நாட்டு அலுவலகமும் பின்தங்கியதில்லை போலும்! 1975-ல் அவருக்குக் குடியுரிமை திருப்பி அளிக்கப்பட்டது. அவர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அம்மையார் முதலில் கேட்டது நிலத்தை அன்று. வாஷிங்டனின் நினைவுப் பொருள்களை. 1869-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பதவி முடியும் தறுவாயில் இருந்த ஜான்சன் அதற்கு இசைந்தார். செய்தி வெளிவந்ததும் மக்கள் பிரதிநிதி சபை சீறியெழுந்து தடுத்துவிட்டது. 1870 அக்டோபர் 12-ஆம் நாள் லீ இறந்தார். இரண்டு மாதம் கழித்து, கெண்டகி மாநிலத்து செனேட்டர் மக்ரீரி, கைம்பெண்ணாகிவிட்ட அம்மையாருக்காக செனேட் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவர முயன்றார். ஆர்லிங்டனின் உரிமையை ஆராய வேண்டும். அதைத் திருப்பித் தரும் வகையையும், அங்குள்ள உடல்களை வேறிடத்துக்கு மாற்றும் வகையையும் காணவேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். உடல்களை மாற்றுவதா! சபை கொதித்தது. தீர்மானத்தைக் கொண்டுவர அனுமதி கேட்டபோதே 54 பேர் எதிர்த்தும் 4 பேர் ஆதரித்தும் வாக்களித்தனர்.

அந்த விவாதத்தில் இறந்தவர்களின் பெயரால் பேசியவர் பலர். அதே நிலத்தில் உயிரோடு குடியிருந்த ஆயிரம் பேரை முன்வைத்து எழுந்த ஆரவாரம் அவ்வளவு பெரிதன்று. அம்மையார் வென்றிருந்தால் புதைகுழிகள் பெயர்க்கப்பட்டிருக்குமோ இல்லையோ, விடுதலை பெற்றோர் ஊர் பெயர்க்கப்பட்டிருக்கும். 1872-ல் அம்மையார் தாமே காங்கிரஸுக்கு மீண்டும் விண்ணப்பித்தார். இம்முறை நிலத்துக்குப் பதிலாகப் பணம் கேட்டார். அதுவும் பலிக்கவில்லை.

இத்தனைக்கும் அதே குடும்பத்திலிருந்து, அதே நிலத்தைப் பற்றி, அதே காங்கிரஸுக்கு வேறொரு விண்ணப்பம் ஏற்கெனவே போய் வெற்றி பெற்றிருந்தது. கஸ்டிஸுக்கு அரியானா கார்ட்டர் என்னும் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவள் என்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மரியா என்பவர் இருந்தார். லீ அம்மையாருக்கு அவர் தமக்கை முறை. ஆனால் அந்த முறை வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்படாத முறை. மரியா, ஆர்லிங்டன் மாளிகையில் பணிசெய்த சார்லஸ் சைஃபாக்ஸ் என்னும் அடிமையை மணந்தார். 1826-ஆம் ஆண்டளவில் கஸ்டிஸ் மரியாவை விடுதலை செய்து, பண்ணையின் ஓரத்தில் பதினேழு ஏக்கரைக் கொடுத்தார். வாய்மொழியாகக் கொடுத்தாரே அன்றிப் பத்திரம் எழுதித் தரவில்லை. மகள் என்று எழுத முடியாதவர், கொடுத்தேன் என்று மட்டும் எவ்வாறு எழுதுவார்?

1864 ஏலத்தில் அந்தப் பதினேழு ஏக்கரும் சேர்ந்தே போயிற்று. கணவர் அடிமையாய் இருந்தபோதும் தாம் விடுதலையாய் நாற்பதாண்டுக் காலம் பயிரிட்ட நிலம், கலகக்காரரின் நிலம் என்று மரியாவிடமிருந்து பறிபோனது. அவருடைய மகன் வில்லியம் சைஃபாக்ஸ் தலைநகரில் உள்நாட்டு இலாகாவில் வேலை பார்த்தவர். காகிதங்கள் எந்த வழியாக நடக்கும் என்பதை அறிந்தவர். அவர் முயன்றார். நியூயார்க் செனேட்டர் ஹாரிஸ் மசோதாவை எடுத்துப் பேசினார்; கஸ்டிஸ் இப்பெண்ணிடம் ஒரு தந்தையின் பற்றுக் கொண்டிருந்தார் என்பதைச் சபையிலேயே குறிப்பாகத் தெரிவித்தார். 1866 ஜூனில் மரியா சைஃபாக்ஸுக்கு நிவாரணம் அளிக்கும் சட்டம் நிறைவேறிற்று. பதினேழு ஏக்கரும் திரும்பி வந்தன. நான் முன்னர் மூன்று சொற்களைப் பிரித்தேன் அல்லவா? அமெரிக்கச் சட்டம் இதற்கு இட்ட பெயர் நிவாரணம். என்னைக் கேட்டால் மூன்றாம் சொல்லையே இட்டிருப்பேன்.

மேரிக்குப் பத்திரம் இருந்தது, உயில் இருந்தது, வாஷிங்டன் வீட்டுப் பெருமை இருந்தது. மரியாவிடம் இருந்தது நாற்பதாண்டு உழைப்பும் ஒரு மனிதரின் வாய்ச்சொல்லும். காங்கிரஸ் சபை மேரிக்கு மறுத்தது ஓரளவு பழிவாங்கும் எண்ணத்தால் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. 92 டாலரை வாங்க மறுத்துவிட்டு, கட்டவில்லை என்று வீட்டை ஏலமிட்டது முறையான செயல் அன்று. அம்மையாரின் வழக்கில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். அவருடைய துயரமும் பொய்யன்று. வளர்ந்து மணந்த வீட்டின் வாயிலிலே அயலாரின் புதைகுழிகளைக் காண்பது எவருக்கும் எளிதாகாது. ஆயினும், ‘என் வீடு’ என்று அவர் சொன்னபோது, அந்த வீட்டைக் கட்டியவர்களின் மக்கள் அதே மேட்டில் வேறு கூரையின் கீழ் இருந்தார்கள் என்பது அவருடைய விண்ணப்பங்களின் கணக்கில் வரவில்லை. லட்சுமி அம்மணியின் பத்திரத்திலும் கம்பெனிக்கு உரிய வராகன் கணக்கு இருந்ததே தவிர, தூது சென்றவரின் சுற்றத்தாருக்கு எது நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற விவரத்தை யாரும் எழுதிவைக்கவில்லை.

1873 ஜூனில் அம்மையார் ஒரு முறை ஆர்லிங்டனுக்கு வந்தார். வண்டியிலிருந்து இறங்கவில்லை, இறங்கும் நிலையிலும் அவர் இல்லை. பழைய வேலையாள்கள் சிலர் வண்டியருகே வந்து கண்டனர். பழைய கிணற்றிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இடம் முற்றும் மாறிவிட்டதைக் கண்டு அவர் திரும்பிப் போனார். அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இறந்தார்.

மூத்த மகன் கஸ்டிஸ் லீ விண்ணப்பத்தை விட்டு வழக்கைத் தொடர்ந்தார். சர்க்காரின் இசைவின்றிச் சர்க்கார் மீது வழக்காட முடியாது என்று அரசுத் தரப்பில் வாதிடப்பட்டது. 1882 டிசம்பர் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மேற்பட்டவர் எவரும் இந்நாட்டில் இல்லை என்று நீதிபதி மில்லர் எழுதினார். வரியைப் பிறர் மூலம் வாங்க மறுத்துச் செய்த ஏலம் செல்லாதென்று ஆயிற்று. ஆயிரக்கணக்கான புதைகுழிகளோடு நிலத்தை வாங்கிக்கொண்டு என் செய்வது? 1883 மார்ச்சில் 1,50,000 டாலருக்குக் கஸ்டிஸ் லீ அதைச் சர்க்காருக்கே விற்றார். அந்த விற்பனையைச் சர்க்கார் சார்பில் ஏற்ற போர் அமைச்சரின் பெயர் ராபர்ட் லிங்கன். ஆபிரகாம் லிங்கனின் மகன். வாஷிங்டனின் பொருள்கள் 1901-ல் அம்மையாரின் மகளிடம் திரும்பின.

விடுதலை பெற்றோர் ஊருக்கு 1887-ல் வெளியேறும்படி அறிவிப்பு வந்தது. கைம்பெண்ணின் விண்ணப்பத்திலிருந்து தப்பிய ஊர், அவளை எதிர்த்த சர்க்காரின் கையாலேயே கலைந்தது. நெடுநாள் இழுபறிக்குப் பின் 1900-ல் காங்கிரஸ் அவ்வூர் மக்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒதுக்கிய தொகை 75,000 டாலர். இன்று அங்கே வீடுகள் இல்லை. இடுகாட்டின் 27-ஆம் பகுதியில் மூவாயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட கறுப்பு மக்களின் நடுகற்கள் மட்டும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் பெயரை அடுத்து, குடிமகன் என்ற பொருள்படும் ஒரே சொல் செதுக்கப்பட்டிருக்கிறது.

செலினா கிரேயின் பெண்மக்கள், இருபதாம் நூற்றாண்டில் அந்த மாளிகையைப் பழையபடி செப்பனிட்டபோது, எந்த அறையில் எந்தப் பொருள் இருந்தது என்று நினைவிலிருந்து சொல்லி உதவினார்கள். ஆர்லிங்டனிலேயே அடிமையாகப் பிறந்து, 1864-ல் அங்கு முதல் குழிகளை வெட்டியவர்களுள் ஒருவராக இருந்த ஜேம்ஸ் பார்க்ஸ் என்னும் முதியவரும் அவ்வாறே தம் நினைவுகளைக் கூறினார். கிணறு இருந்த இடம், அடிமைகளின் குடிசைகள் இருந்த இடம், பழைய பாதைகள் ஆகியவற்றை அவர் காட்டிக் கொடுத்தார். 1929-ல் அவர் இறந்தபோது தனி அனுமதி பெற்று அங்கேயே புதைத்தனர். அந்த இடுகாட்டில் துயில்வோருள் அந்த நிலத்தில் பிறந்தவர் அவர் ஒருவரே.